துருத்தி மிதித்தவர்கள்

அப்பாயியை மண்ணுக்குள் இறக்கும்போது பாடிய பாட்டில்தான் இது தொடங்கியது.

2023 மார்ச். தவக்காலம். பொறையாறு பக்கத்தில் எங்கள் காலனி, லுத்தரன் சபை. பெட்டி குழிக்குள் இறங்கும்போது பெண்கள் ஒரு ஞானப்பாட்டை எடுத்தார்கள். முள்முடி குத்தி ரத்தம் வழியும் தலையைப் பார்த்துப் பெரிய வெள்ளியன்று பாடுகிற பாட்டு. அடக்க ஆராதனையில் அதைப் பாடும் வழக்கமில்லை. "கெழவிக்குப் புடிச்ச பாட்டு. அதப் பாடாம அனுப்புனா எந்திரிச்சி வந்து கேக்கும்" என்றது சின்னத்தை. போதகர் ஒன்றும் சொல்லவில்லை. கீர்த்தனை மாதிரி கைத்தாளம் போட முடியாத, இழுத்து இழுத்துப் பாடுகிற மெட்டு. அப்பாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் பாட்டின் அத்தனை அடியும் தெரியும்.

அன்று ராத்திரி அந்த மெட்டு என்னை விடவில்லை. தம்பி மகனிடம் முணுமுணுத்துக் காட்டினேன். அவன் கைபேசியை என் வாய்க்கு நேரே நீட்டி, திரும்பப் பாடச் சொன்னான். "அத்தே, இது ஜெர்மன் பாட்டாம். பாக்னு ஒருத்தரு போட்டிருக்காரு. முந்நூறு வருசமாச்சாம்" என்றான்.

போட்டது பாக் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் அச்சிட்ட காதல் பாட்டின் மெட்டு அது. காதலில் மனம் கலங்கிப் போனவனின் பாட்டு. அந்த மெட்டில் ஏற்றித்தான் பாவுல் கெர்ஹார்ட் எழுதிய சிலுவைப் பாட்டைப் பாடினார்கள். 1727இல் ஜோஹன் செபாஸ்டியன் பாக், மத்தேயு சுவிசேஷத்தை வைத்துச் செய்த பாடுகளின் இசையில் அதை ஐந்து இடத்தில் எடுத்தாண்டார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயேசுவின் துன்பத்தைப் 'பாடுகள்' என்பார்கள். படுவதற்கும் பாடுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது.

தரங்கம்பாடிக்கு சீகன்பால்கு வந்து இறங்கியது 1706 ஜூலையில். அப்போது பாக்குக்கு 21 வயது. ஆர்ன்ஸ்டாட் என்ற சின்ன ஊரில் கோயில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நூற்றாண்டிலேயே ஃபப்ரிசியஸ் உள்ளிட்ட மிஷனரிகள் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். அப்படித்தான் லைப்சிக் நகரத்துக் கோயிலில் பாடிய மெட்டு எங்கள் காலனிக் கல்லறை வரைக்கும் வந்து சேர்ந்தது. அப்பாயிக்கு பாக் பெயர் தெரியாது. ஆனால் பாக்குக்குத் தெரிந்த மெட்டு அவளுக்குத் தெரியும்.

எனக்கு இசை தெரியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. தமிழ் படித்தவள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை உரையோடு மனப்பாடம் செய்து தேர்வெழுதினேன். ஒரு யாழையும் கண்ணால் கண்டதில்லை. 2023 ஏப்ரல் 7, பெரிய வெள்ளி. அன்று ராத்திரி மத்தேயு பாடுகளை முழுசாகக் கேட்டேன். ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஜெர்மன் ஒரு சொல் புரியவில்லை. அப்பாயியின் மெட்டு வரும் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்தேன். ஐந்தும் ஐந்து விதமாக இருந்தது. இயேசு உயிர் விட்ட உடனே வருவது தரையோடு தரையாய்க் கிடந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன்: இந்த மனிதர் செய்ததில் மிஞ்சியிருப்பது எல்லாவற்றையும் கேட்டுவிடுவது, தினம் அரை மணி நேரம்.

*

2018இல் வந்த ஒரு முழுத்தொகுப்பில் 222 சிடிக்கள். மொத்தம் 280 மணி நேரம். தினம் அரை மணி என்றால் 560 நாள். சிடி வாங்க நமக்கு வக்கில்லை. கைபேசியில் தேடித் தேடித்தான் கேட்டேன். விடியற்காலை தண்ணி வருவதற்கு முன்னால், இல்லாவிட்டால் பஸ்ஸில். கேட்டதும் இருநூறு பக்க நோட்டில் இரண்டு வரி எழுதுவேன். வழக்கு, மறியல், காய்ச்சல் என்று விட்டுப்போன நாட்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் முடித்தேன்.

கேலி இல்லாமல் இல்லை. "என்னா தோழர், ஒப்பாரி இருக்கு, பறை இருக்கு. நீங்க வெள்ளைக்காரன் கோயில் பாட்டக் காதுல மாட்டிக்கிட்டு அலையிறீங்க?" என்றார் அமைப்புத் தோழர் ஒருவர். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவருக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

முதலில் எண் வரிசைப்படி போனேன். 1950இல் வோல்ஃப்காங் ஷ்மீடர் தயாரித்த பட்டியலில் பாக்கின் ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் எண் உண்டு. கான்டாட்டாக்கள் முதலில் வருகின்றன. கான்டாட்டா என்றால் ஞாயிறு ஆராதனையில் அன்றைய வேதபாடத்தை ஒட்டிப் பாடும் பாட்டுத் தொகுதி. இருபது, இருபத்தைந்து நிமிடம். சுமார் இருநூறு மிஞ்சியிருக்கின்றன. எண் 1 என்றால் முதலாவது என்றுதான் நினைத்தேன். அது 1725 மார்ச் 25இல் பாடியது, பாக்குக்கு 40 வயதானபோது! அவருடைய இருபதுகளில் செய்த ஒன்று எண் 106இல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டியல் வகைப்படி போட்டது, காலப்படி அல்ல. இரண்டு மாதம் கழித்து எண்ணை விட்டுவிட்டு, தேதியைப் பிடித்துக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். அப்போதுதான் மேதைக்குப் பதிலாக ஒரு வேலைக்காரர் தெரிந்தார்.

1724 ஜூன் 11 முதல் 1725 மார்ச் 25 வரை பாருங்கள். ஒன்பதரை மாதத்தில் ஏறத்தாழ 40 கான்டாட்டாக்கள். வாராவாரம் புதுசு. இசையை எழுதி, ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் படியெடுத்து, பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்து, ஞாயிறு காலையில் பாடியாக வேண்டும். திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து. 'அருள் வந்து எழுதினார்' என்கிற கதையெல்லாம் இந்தத் தேதிகளின் முன்னால் நிற்காது. இது வாரக்கூலி வேலை.

1703இல் வைமார் அரண்மனையில் அவர் முதலில் சேர்ந்தபோது கணக்கில் எழுதியிருந்த பதவி ஏவலாள். 1717இல் அதே வைமாரில் வேறு வேலைக்குப் போக விடுதலை கேட்டு அடம்பிடித்ததற்காக நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை பிரபு அவரைச் சிறையில் வைத்தான். 1723இல் லைப்சிக் நகராட்சி அவரை எடுத்துக்கொண்டது டெலமனும் கிராப்னரும் கிடைக்காமல் போன பிறகுதான். நகரத் தலைவரின் அனுமதியில்லாமல் ஊரை விட்டு வெளியே போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

1730 அக்டோபரில் பழைய நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வருமானத்தைப் பற்றி ஓர் இடம் வருகிறது. வருடத்துக்கு 700 தாலர் அளவில் வரும். சாவு கூடினால் கொஞ்சம் கூடும். போன வருடம் காற்று ஆரோக்கியமாக வீசியதால் அடக்கங்கள் குறைந்து 100 தாலருக்கு மேல் நட்டம். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊரில் பறையடித்த மாமா ஒருவர் நினைவுக்கு வந்தார். "இந்த வருசம் ஊருக்குள்ள சாவே வுழல தாயி, என்னத்த திங்கிறது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. பாக் குடும்பத்துக்கும் இசை குலத்தொழில்தான். மாவு மில்லில் வேலை பார்த்துக்கொண்டே நரம்பு வாத்தியம் வாசித்த ஃபைட் பாக்கிலிருந்து தன் பரம்பரையை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் சாவுக்குப் பாடினார் என்பதற்காக யாரும் அவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தவில்லை. மூத்த மகன்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடிந்தது. சாவை நம்பிய வருமானம் என்ற மட்டில் இரண்டும் ஒன்று. அந்த வேலையோடு ஒட்டிக்கொண்ட இழிவு நம் மண்ணின் சரக்கு. மாமாவின் மகன் பறையைத் தொட மறுத்துச் சென்னைக்குப் போனதும், அவன் பிள்ளைகள் இன்று கலைக்குழுவில் அதே பறையை நிமிர்ந்து நின்று அடிப்பதும் பாக் குடும்பக் கதையில் இல்லாத அத்தியாயங்கள்.

*

என்னை உலுக்கியது படியெடுத்தவர்களின் கதை.

பாக் தன் 27 ஆண்டு லைப்சிக் வாழ்க்கை நெடுகப் பரவலாகக் கான்டாட்டாக்களை எழுதினார் என்றுதான் நீண்ட காலம் நம்பியிருந்தார்கள். 1950களின் பிற்பகுதியில் ஆல்ஃப்ரெட் டூர், கியோர்க் ஃபான் டாடெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைக் கவிழ்த்தார்கள். பெரும்பாலானவை முதல் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டன என்று காட்டினார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தாளின் நீர்க்குறியை வைத்தும், படியெடுத்தவர்களின் கையெழுத்தை வைத்தும். எந்தப் பையன் எந்த வருடம் பள்ளியில் இருந்தான், அவன் கையெழுத்து எப்படி மாறிக்கொண்டு வந்தது என்று ஒவ்வொரு தாளாகப் பிரித்தார்கள். மேதையின் வரலாற்றைத் திருத்தி எழுத, அவருக்குக் கூடமாட வேலை பார்த்தவர்களின் கையெழுத்துத்தான் சாட்சி.

ஆய்வாளர்கள் முதலில் அவர்களை முதன்மைப் படியெடுப்பாளர் 'ஏ', 'பி', 'சி' என்று குறித்தார்கள். பிறகு பெயர் தெரிந்தது. 'ஏ' குனாவ், 'பி' மைஸ்னர், 'சி' அண்ணன் மகன் ஜோஹன் ஹைன்ரிக் பாக். இன்னும் பலர் பெயரில்லாமல் வெறும் எண்ணாகவே இருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரில் 'மற்றும் பலர்' என்று எழுதுவார்களே, அந்த 'மற்றும் பலர்'.

தாமஸ் பள்ளியில் உண்டு உறைந்து படித்த ஏழைப் பையன்கள் அங்கே இருந்தது பாடுவதற்காக. கோயிலில், அடக்கத்தில், தெருவில் பாடி அந்தச் சோற்றுக்கு ஈடு கொடுத்தார்கள். 1730 ஆகஸ்டில் நகராட்சிக்கு பாக் கொடுத்த மனுவில் அவர்களைப் பெயர் போட்டுத் தரம் பிரிக்கிறார்: தேறியவர்கள் 17, இனிமேல் தேறக்கூடியவர்கள் 20, உதவாதவர்கள் 17. ஆள் போதவில்லை, காசு போதவில்லை என்ற அவருடைய நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அன்று என் நோட்டில் 'உதவாத பதினேழு பேர்' என்று மட்டும் எழுதினேன். பத்தாம் வகுப்பில் என்னையும் சேர்த்து எங்கள் தெருப் பிள்ளைகளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்து அந்தச் சொல்லைச் சொன்ன ஒரு வாத்தியார் எனக்கும் உண்டு. மேலே இருப்பவனிடம் வேலைக்காரனாக இருந்தவர், கீழே இருப்பவனுக்கு எஜமானாகவும் இருந்தார். அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அன்னா மக்தலேனா இரண்டாம் மனைவி. கோத்தென் அரண்மனையில் சம்பளத்துக்குப் பாடிய பாடகி. லைப்சிக் கோயில்களில் பெண்கள் பாட அனுமதியில்லை. வீட்டில் கணவனின் இசையைப் படியெடுத்தார். பதின்மூன்று பிள்ளை பெற்றார். உலகம் கொண்டாடும் செல்லோ தொகுதிகள் ஆறுக்கும் பாக் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை. அன்னா மக்தலேனா எடுத்த படிதான் முக்கிய ஆதாரம். 1760இல் நகரத்துத் தருமக்காசில் வாழ்ந்து செத்தார். அந்த ஆறையும் ஆறு நாள் கேட்டேன். ஒற்றை வாத்தியம், ஆனால் இரண்டு மூன்று பேர் பேசிக்கொள்வது போலிருக்கும். நோட்டில் அவர் பெயரை மட்டும் எழுதினேன்.

அப்புறம் துருத்தி. ஆர்கன் என்பது காற்று வாத்தியம். நூற்றுக்கணக்கான குழல்களுக்குக் காற்று வேண்டும். மின்மோட்டார் வரும்வரை ஆட்கள்தான் பின்னால் நின்று பெரிய பெரிய துருத்திகளை மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கால் ஓய்ந்தால் பாக்கின் விரல் என்ன செய்தாலும் சத்தம் வராது. எங்கள் தாத்தா, அதாவது அப்பாயியின் புருஷன், கொல்லுப்பட்டறையில் துருத்தி இழுத்தவர். படி நெல் கூலி. கலப்பைக் கொழு நன்றாக இருந்தால் ஆசாரிக்குப் பெயர். "நெருப்பு எங்கையில" என்பாராம் தாத்தா. அதற்குப் பிறகு ஆர்கன் கேட்கும்போதெல்லாம் ஒரு ஜோடிக் கால்களையும் சேர்த்தே கேட்டேன்.

*

சில நாட்கள் கேட்காமல் தூக்கிப் போடத் தோன்றியது.

எண் 212, குடியானவர் கான்டாட்டா. 1742 ஆகஸ்ட் 30இல் லைப்சிக் பக்கத்து கிராமம் ஒன்றுக்கு டீஸ்காவ் என்ற புதுப் பண்ணையார் பொறுப்பேற்றபோது பாடியது. ஒரு குடியானவனும் குடியானவப் பெண்ணும் நாட்டுப்புறப் பேச்சில் கொஞ்சி, வரி வசூலிப்பவனைத் திட்டி, கடைசியில் பண்ணையாரை வாழ்த்துகிறார்கள். மெட்டெல்லாம் நாட்டுப்பாட்டு, ஆட்டப்பாட்டு. கேட்க இனிப்பாய் இருக்கிறது. நம் பேச்சை வாங்கி, நம்மைக் கோமாளியாக்கி, எஜமான் வீட்டு முற்றத்தில் சிரிக்க வைக்கும் வித்தையைத் தமிழ் சினிமாவில் எத்தனை பார்த்திருக்கிறோம்!

யோவான் பாடுகள் அதைவிடப் பெரிய சிக்கல். முதலில் பாடியது 1724இல், அதுவும் ஏப்ரல் 7, பெரிய வெள்ளி. நான் தொடங்கிய அதே தேதி. அதைக் கேட்டது ஓர் உண்மையறியும் குழுவோடு போய்த் திரும்பும் வேனில். ஊர்க்கூட்டம் சேரிக்குள் புகுந்து வீடுகளை உடைத்திருந்தது. ஓர் அம்மா சொன்னார்: "கூட்டமா வந்தாங்கம்மா. அத்தன பேருக்கும் ஒரே கொரலு. பேரச் சொல்லல, சாதியச் சொல்லித்தான் கூப்புட்டாங்க." அந்தச் சொல் காதில் இருக்கும்போதே, ஹெட்ஃபோனில் கூட்டம் கத்தத் தொடங்கியது. சிலுவையில் அறையச் சொல்லும் கூட்டம். குரல்கள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, குதறுகிற மாதிரி. கும்பலின் வெறியை இத்தனை துல்லியமாக இசையில் நான் கேட்டதே இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் 'யூதர்கள்'. திரும்பத் திரும்ப அதே சொல். தனி மனிதன் யாரும் இல்லை. ஒரு மொத்த இனம்.

லூத்தர் 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதியது கொடூரமான புத்தகம். பாக்கின் காலத்து லைப்சிக்கில் யூதர்கள் பெரும்பாலும் வணிகச் சந்தை நாட்களில் மட்டும்தான் வந்து போக முடிந்தது, அதற்கும் தனி வரி கட்டி. அதே இசையில், 'உன்னை அடித்தது யார்' என்று கேட்டு, 'நான்தான்' என்று சபையே பதில் சொல்லும் ஞானப்பாட்டும் இருக்கிறது. பாக் பழியை யூதர்மேல் போடவில்லை, தங்கள்மேல் போட்டுக்கொண்டார்கள் என்று சிலர் அதைக் காட்டுகிறார்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நெஞ்சை அறுக்கும் அழகு. ஆனால் ஞாயிறு காலை 'நான்தான்' என்று பாடிவிட்டு, திங்கட்கிழமை வாசலில் வரி வாங்கினால் அந்தப் பாட்டுக்கு என்ன பொருள்? காலனிக்கு வந்து சமபந்தி சாப்பிட்டுவிட்டுப் போனவர்களை நமக்குத் தெரியும்.

பதினோரு நாள் எதையும் கேட்கவில்லை. பிறகு மெண்டல்சன் கதையைப் படித்தேன். பாக் செத்து எழுபத்தொன்பது ஆண்டுக்குப் பின், 1829 மார்ச் 11இல், பெர்லினில் மத்தேயு பாடுகளை மீண்டும் மேடையேற்றியவர். அப்போது அவருக்கு 20 வயது. யூதத் தத்துவவாதி மோசஸ் மெண்டல்சனின் பேரன். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். 1843இல் லைப்சிக்கில் பாக்குக்கு நினைவுச்சின்னம் எழுப்பியதும் அவரே. அதே லைப்சிக்கில் 1936 நவம்பரில் நாஜிகள் மெண்டல்சனின் சிலையை ராத்திரியோடு ராத்திரியாக உடைத்தெடுத்தார்கள். ஞானஸ்நானம் அவரைக் காப்பாற்றவில்லை. மதம் மாறிய பிறகும் பிறப்பைத் தேடி வந்து அடிப்பார்கள் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தன் முன்னோரைப் பழித்த மரபின் இசையைத் தூசு தட்டி எடுத்த அந்தப் பையன், எதை வைத்துக்கொள்வது, எதோடு சண்டை போடுவது என்று தானே முடிவு செய்தான் என்று எனக்குத் தோன்றியது. பன்னிரண்டாம் நாள் மறுபடி தொடங்கினேன்.

தோழருக்கு என் பதில் இதுதான். பறை நம்முடையது என்பதற்காக மற்றதெல்லாம் அவர்களுடையது என்று எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் பாக்கின் வயலின் இசையை எடுத்து அதன் பக்கத்தில் நம் பக்கத்து வயலினைப் பேச வைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர், என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன் என்று பொருள்படும். அவர் போய்ப் பார்க்கவில்லை, பாக்தான் வீட்டுக்கு வந்தார்! எங்கள் அப்பாயி வீட்டுக்கும் வந்துதான் இருந்தார். இத்தனை நாள் நமக்குத் தெரியவில்லை. ஆனால் வந்தவரைக் கும்பிட வேண்டியதில்லை. உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாம். யார் படியெடுத்தது, யார் துருத்தி மிதித்தது, யார் வாசலுக்கு வெளியே நின்றது?

*

ஆகஸ்டில் முடித்தேன் என்றேனே, அது முடியவில்லை. 2025 நவம்பர் 17இல் லைப்சிக் தாமஸ் கோயிலில் இரண்டு ஆர்கன் படைப்புகளைப் புதிதாக பாக்கின் கணக்கில் சேர்த்தார்கள். எண் 1178, 1179. டான் கூப்மன் வாசித்தார். பீட்டர் வோல்னி என்ற ஆய்வாளர் 1992இல் பிரஸ்ஸல்ஸ் நூலகத்தில் அந்தத் தாள்களைப் பார்த்திருக்கிறார். யாருடையது என்று உறுதிப்படுத்த முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. படியெடுத்த கை யாருடையது என்று தெரிந்த பிறகுதான் பாக்கின் பெயரை எழுத முடிந்தது. அந்தக் கை ஒரு மாணவனுடையது. பெயர் சாலமன் குந்தர் யோன்.

இரண்டையும் அன்று ராத்திரியே கேட்டேன். இப்போது அந்த ஆர்கனுக்கு மோட்டார்தான் காற்று கொடுக்கிறது. நோட்டில் கடைசிப் பக்கம் மிச்சமிருந்தது. முதலில் சாலமன் குந்தர் யோன் என்று எழுதினேன். அதற்குக் கீழே பாக். அதற்குக் கீழே, சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் தாத்தாவின் பெயர். அவர் பெயரை நான் எழுதுவது அதுதான் முதல் தடவை.